நிக்கல் தொட்டிக்கு ஒன்று, அசிட் தொட்டிக்கு வேறொன்று: சூடான கரைசலில் அமிலம் அளக்க எதை வாங்குவது?

மூன்று சைக்கிள் ஹாண்டில்களும் ஒரு பழைய ஒஸ்ரின் ஏ-40 காரின் பின்பம்பரும் ஒரே வாரத்தில் பட்டறைக்குத் திரும்பி வந்தன. பம்பரின் வளைவில் நிக்கல், காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி எழும்பி நின்றது. நகத்தால் தட்டிப் பார்த்தேன். வளையவில்லை, உடைந்து விழுந்தது. ஏ-40 வைத்திருக்கும் ஒருவரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வழக்கு என்று சொல்லத் தேவையில்லை.

பட்டறை மச்சானுடையது, யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம். நான் பிள்ளைகளுக்கு உயர்தர இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறவன். அவருக்கு ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் என் படிப்புக்குப் பட்டறையில் மதிப்பு வரும். "மச்சான், மீற்றர் நாலு தசம் நாலு எண்டுதானே காட்டினது. பிறகெப்பிடிப் பிழைக்கும்?" என்று கேட்டார். பேனா மாதிரி இருக்கும் அந்த பிஎச் மீற்றரை (பிஎச் என்பது அமிலத்தன்மைக்கான எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்) 60 பாகைச் சூட்டில் இருந்த நிக்கல் தொட்டிக்குள் நேரே விட்டு எடுத்த எண் அது. அதே தொட்டியில் ஒரு சின்னப் போத்தல் எடுத்து, ஆறவிட்டு, அன்று காலை அளவுதிருத்தம் செய்த ஆய்வுகூட மீற்றரில் வைத்தேன். 5.1 காட்டியது. நிக்கல் தொட்டி அவ்வளவு உயர்ந்தால் நிக்கல் ஐதரொட்சைட்டு பூச்சோடு சேர்ந்து படியும், பூச்சு நொறுங்கும். வெங்காயத் தோலின் கதை அதுதான்.

4.4க்கும் 5.1க்கும் இடையிலுள்ள 0.7 எங்கிருந்து வந்தது? மீற்றரின் நுனியில் உள்ள கண்ணாடி மின்வாய் தரும் மின்னழுத்தம் வெப்பநிலையோடு மாறும். 25 பாகையில் ஒரு பிஎச் அலகுக்கு 59.2 மில்லிவோல்ற்று, 60 பாகையில் 66.1. அவருடைய பேனாவில் வெப்பநிலை உணரி கிடையாது. அது எல்லாவற்றையும் 25 பாகை என்றே நினைத்துக் கணக்குப் போடும். 7க்குக் கீழே உள்ள கரைசல் சூடாக இருந்தால், உள்ளதைவிடக் கூடிய அமிலமாகக் காட்டிவிடும். 4.4 என்று காட்டியபோது, வெப்பத்தை மட்டும் சரிக்கட்டினாலே அது 4.67 ஆகியிருக்க வேண்டும். மிச்ச 0.43க்குப் பெரும்பாலும் காரணம், பேனா வாங்கிய நாளிலிருந்து ஒருமுறையும் அளவுதிருத்தம் செய்யப்படாததுதான். ஆக, பிழையில் சிறிய பங்குதான் சூட்டுடையது, பெரிய பங்கு மனிதருடையது. இதை அவரிடம் கொஞ்சம் மென்மையாகச் சொன்னேன்.

அப்புறம் வந்தது மற்றக் கேள்வி: இனி எதை வாங்குவது? அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பிஎச் பேப்பர், இன்னொரு பேனா, தனிப் புரோப் (கழற்றி மாற்றக்கூடிய மின்வாய்) உள்ள மீற்றர், தொட்டிக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்தும் புரோப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும், நியமிப்புக்கான (காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பதற்கான) கண்ணாடிச் சாமான். விற்கிறவர் ஒருவர் நாலாவதைத்தான் எடுக்கச் சொல்லி நின்றிருக்கிறார். விலையில் மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதற்குக் கிட்ட வராது.

நான் பட்டியலைத் திருப்பி வைத்துவிட்டுத் தொட்டிகளை எண்ணினேன். துரு எடுக்கும் சல்பூரிக் அசிட் தொட்டி, 65 பாகை. நிக்கல் தொட்டி, 55 முதல் 60. குரோம் தொட்டி, 42 அளவில். கேற், கிறில் போன்றவற்றுக்குப் பெயின்ற் அடிக்க முன் முக்கும் பொஸ்பேற் தொட்டி, 70. நாலும் சூடானவை, நாலிலும் அமிலம் இருக்கிறது. ஆனால் நாலுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றல்ல.

பிஎச் சொல்வது, இந்த நிமிடம் கரைசலில் விடுபட்டு நிற்கும் ஐதரசன் அயன்களை. நியமிப்பு சொல்வது, கேட்டால் கொடுக்கக்கூடிய அமிலம் முழுவதையும். கையில் இருக்கும் காசும் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் காசும் மாதிரி. நிக்கல் தொட்டியில் கையில் இருப்பதுதான் பூச்சைத் தீர்மானிக்கிறது. அசிட் தொட்டியில் வங்கியில் எவ்வளவு மிச்சம் என்றுதான் தெரியவேண்டும். அங்கே பிஎச் பார்ப்பதில் பயனில்லை என்பதற்குக் கணக்கே சாட்சி: லீற்றருக்கு 100 கிராம் இருந்த அசிட் 50 கிராமாக, பாதியாக இறங்கினாலும் பிஎச் 0.3 அளவுதான் நகரும். பாதி அசிட் போனதை மீற்றரின் தள்ளாட்டத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

குரோம் தொட்டியை ஒரு பந்தியில் முடித்துவிடலாம். அங்கே பிஎச் மீற்றரை விடவே வேண்டாம். லீற்றருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம் உள்ள தொட்டியின் சாரடர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பது) 1.17, 1.18 அளவில் இருக்கும்; நீரடர்த்திமானி ஒன்று போதும். கார் பற்றரி பார்க்கிறவர்கள் வைத்திருக்கிற அதே சாமான்தான், ஆனால் நீளமான கண்ணாடித் தண்டோடு அளவு நுணுக்கமாகக் குறித்ததாக வாங்கவேண்டும். அதில் சல்பேற்று நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை, அதை இங்கே இழுக்கவில்லை. கையுறை இல்லாமல் அந்தத் தொட்டிக்குக் கிட்டப் போகக்கூடாது, அது புற்றுநோய் தரும் சாமான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனி நிக்கல். பட்டறையின் சோறு அதிலிருந்துதான் வருகிறது.

1916இல் ஒலிவர் வாட்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய கலவைதான் இன்றுவரை உலகம் முழுக்க நிக்கல் தொட்டிகளுக்கு அடிப்படை: நிக்கல் சல்பேற்று, நிக்கல் குளோரைட்டு, போரிக் அமிலம். 40 முதல் 60 பாகை, பிஎச் 3.5 முதல் 4.5. இந்தத் தொட்டி ஓட ஓட பிஎச் மெல்ல மேலேறும். நேர்முனையில் நிக்கல் ஏறக்குறைய முழுமையாகக் கரைகிறது, எதிர்முனையில் மின்னோட்டத்தின் ஒரு சிறு பங்கு நிக்கலைப் படியவைக்காமல் ஐதரசனை வெளியேற்றுகிறது, அதனால். தினமும் கொஞ்சம் ஐதான சல்பூரிக் அமிலம் விட்டு இறக்குவார்கள். எவ்வளவு விடுவது என்பதை மீற்றர் சொல்லும். மீற்றர் பொய் சொன்னால் தொட்டி முழுவதும் பொய்யாகிவிடும்.

பேப்பரை எடுத்துக்கொண்டால், மலிவு, மின்சாரம் வேண்டாம், கீழே விழுந்தால் உடையாது. அலசும் தண்ணீர் போன்றவற்றைச் சட்டென்று பார்க்க எப்போதும் ஒரு சுருள் சட்டைப் பையில் இருக்கட்டும். ஆனால் நிக்கலில் ஒரு வில்லங்கம். பிஎச் 4, 5 அளவில் நிறம் மாறும் பேப்பர் மஞ்சளிலிருந்து பச்சைக்கும் நீலத்துக்கும் போகும். நிக்கல் கரைசலோ தானே கடும் பச்சை. பேப்பர் பச்சையானதா, கரைசல் பச்சையாக்கியதா என்று வாதாடலாமே தவிர முடிவெடுக்க முடியாது. வெறும் வடிதாள் துண்டொன்றையும் பக்கத்தில் நனைத்து, கரைசலின் சொந்தப் பச்சையைக் கண்ணால் கழித்துப் பார்க்கும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணுக்கு மரியாதை. உப்பு இவ்வளவு செறிந்த கரைசலில் சாயமும் சற்று இடம்பெயர்ந்தே காட்டும், அதனால் பேப்பரும் மீற்றரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

நிறம் ஏமாற்றும் இடத்தில் மின்னழுத்தத்தை அளப்பது என்ற யோசனை ஒரு வகையில் பழச்சாற்றுப் பிரச்சினையிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் எலுமிச்சம் சாற்றின் புளிப்பை அளக்க முயன்றவர்களுக்கு, சாற்றில் கலந்திருந்த கந்தக ஈரொட்சைட்டு லிற்மஸின் நிறத்தையே வெளுக்கவைத்தது. அவர்களுக்காக 1934இல் ஆர்னோல்ட் பெக்மன் செய்து கொடுத்த கருவிதான் இன்றைய பிஎச் மீற்றருக்கு முன்னோடி. அவர்களுக்கு வெளுப்பு, எங்களுக்குப் பச்சை.

இன்னொரு பேனா வாங்கலாமா? வெப்பநிலை உணரி உள்ள பேனாக்களும் உண்டு, அவ்வளவு விலையும் இல்லை. மச்சான் இதற்குத்தான் சாய்ந்திருந்தார். நான் மறுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். மலிவான பேனாவில் கண்ணாடிக் குமிழ் போனால் பேனாவே போச்சு. சூடான உலோகக் கரைசலில் குமிழ் போவது நிச்சயம், எப்போது என்பதுதான் தெரியாது. மின்வாய் என்பது பற்றரி, சப்பாத்து மாதிரித் தேய்ந்து தீரும் சாமான். அதைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய கருவிதான் பட்டறைக்கு ஏற்றது.

ஆகவே தனிப் புரோப் உள்ள மீற்றர். இதிலும் பார்த்து வாங்க நாலைந்து விஷயம் இருக்கிறது. முதலாவது, புரோப் பொருந்தும் இடம் பி.என்.சி. என்ற பொதுவான வட்ட இணைப்பாக இருக்கட்டும். அப்போது எந்தக் கொம்பனியின் புரோப்பும் பொருந்தும். ஒரே கொம்பனியின் தனி இணைப்பு என்றால், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல் வரும்வரை மட்டுமல்ல, அந்தக் கொம்பனி அதைச் செய்வதை நிறுத்தாத வரைதான் உங்கள் மீற்றருக்கு ஆயுள். இரண்டாவது, வெப்பநிலை உணரி. மூன்றாவது, மில்லிவோல்ற்று காட்டும் வசதி. இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும். நாலாவது, புரோப்பின் உடல் பிளாஸ்ரிக்காக இல்லாமல் கண்ணாடியாக, இரட்டைச் சந்தி (உள்கரைசல் வெளிக்கரைசலைத் தொடும் நுண்துளை) உள்ளதாக இருக்கட்டும். உள்ளே வெள்ளி, வெள்ளிக் குளோரைட்டு உள்ள வகைதான் சூட்டைத் தாங்கும், பழைய கலோமல் (பாதரச) வகைக்கு 60, 70 பாகையே எல்லை. பற்றரியில் ஓடுவது என்றால் இன்னும் நல்லது, கரண்ட் போகும் நாளில் கரைசல் காத்திருக்காது.

மீற்றர் வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தொட்டிக்குள் விடுவதா, கரைசலை வெளியே எடுத்து ஆறவைத்துப் பார்ப்பதா? மச்சானோடு கூடுதலாக வாக்குவாதப்பட்டது இதில்தான். "அதுதான் சூட்டைத் தானே சரிக்கட்டுமெண்டு பெட்டியில போட்டிருக்கே" என்றார். தானே சரிக்கட்டும் என்பது பாதி உண்மை. மீற்றர் சரிக்கட்டுவது மின்வாயின் 59.2, 66.1 என்ற மாற்றத்தை மட்டும். சூடு கரைசலின் பிஎச்சையே மாற்றுவதை அது தொடாது, தொடவும் முடியாது. வெறும் தண்ணீரையே பாருங்கள். 25 பாகையில் நடுநிலைத் தண்ணீரின் பிஎச் 7.0. அதே தண்ணீர் 60 பாகையில் 6.5. தண்ணீர் அமிலமாகிவிடவில்லை, நடுநிலைப் புள்ளியே இறங்கிவிட்டது. நிக்கல் கரைசல் எவ்வளவு நகரும் என்பது அதன் கலவையைப் பொறுத்தது. தொட்டி மருந்து (இரசாயனம்) விற்கிறவர் தரும் தாளில் 4.2 என்று போட்டிருந்தால், அது எந்த வெப்பநிலையில் எடுத்த 4.2 என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஆறிய மாதிரியில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

தொட்டிக்குள் விடாமல் இருக்க வேறு காரணங்களும் உண்டு. ரெக்ரிபயர் (தொட்டிக்கு மின்னோட்டம் கொடுக்கும் கருவி) ஓடும்போது தொட்டிக்குள் மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கிறது, நாங்கள் அளப்பதோ சில மில்லிவோல்ற்றுகளை. எண் துள்ளாமல் என்ன செய்யும்? சூடு கண்ணாடியை விரைவாகக் கிழமாக்கும். தினமும் அரைமணிநேரம் சூட்டில் நிற்கும் புரோப்பும் ஆறிய முகவையில் ஒரு நிமிடம் நிற்கும் புரோப்பும் ஒரே வயதில் சாகாது.

இங்கே என் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். புது மீற்றர் வந்த முதல் நாள், காட்டிக்கொடுக்கும் ஆர்வத்தில் நானே புரோப்பை 60 பாகைத் தொட்டிக்குள் விட்டேன். எடுத்தவுடன் பக்கத்தில் இருந்த கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் கழுவ முக்கினேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். குமிழில் தலைமயிர் அளவு கீறல். அதற்குப் பிறகு அது எந்தக் கரைசலுக்குள் விட்டாலும் 7ஐ அண்டியே காட்டியது, நடுவுநிலைமை தவறாத நீதவான் மாதிரி. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் தேத்தண்ணி தரும்போது மட்டும், "ஆறவைச்சுக் குடியுங்கோ மாஸ்ரர், கண்ணாடி வெடிச்சிடும்" என்றார்.

இப்போது பட்டறையில் நடப்பது இது. காலையில் ரெக்ரிபயர் போட முன்பு, தொட்டியைக் கலக்கி, நடு ஆழத்திலிருந்து 100 மில்லிலீற்றர் கண்ணாடி முகவையில் எடுப்பார்கள். முகவையை ஒரு பேசினில் கிணற்றுத் தண்ணீர் விட்டு அதற்குள் வைப்பார்கள், விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாமல். 30 பாகைக்கு வந்ததும் அளப்பார்கள். ஏன் 30, ஏன் 25 இல்லை? எங்கள் ஊரில் 25 பாகைக்காகக் காத்திருந்தால் மார்கழி வரை இருக்கவேண்டும். 30இல் அளவுதிருத்தமும் 30இல் அளவும் என்று எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் போதும். சூட்டைச் சரிக்கட்டாத பழைய பேனாகூட பிஎச் 4 உள்ள கரைசலில் 60 பாகையில் 0.35 பிழைக்கும், 30 பாகையில் பிழை 0.05தான். ஆறவைப்பதன் பெறுமதி அந்த வித்தியாசத்தில் தெரியும். அளந்த கரைசலைத் தொட்டிக்கே திருப்பி ஊற்றலாம். தாங்கற் கரைசலோ (பிஎச் தெரிந்த, அளவுதிருத்தும் கரைசல்) காட்டியோ (நிறம் மாறும் சாயம்) கலந்ததை மட்டும் ஊற்றக்கூடாது. போரிக் அமிலம் குளிரில் பளிங்காகப் படியும் என்று குளிர்நாட்டுக்காரர் பயப்படுவார்கள். 30 பாகையில் எங்களுக்கு அந்தத் தொல்லை கிட்டவும் வரவில்லை.

அளவுதிருத்தத்துக்கு 4.01, 7.00 என்ற இரண்டு தாங்கற் கரைசல்கள் போதும். போத்தலாக வாங்கித் திறந்து வைத்துப் பாழாக்காமல் சின்னப் பைக்கற்றாக வாங்குங்கள். பயன்படுத்தியதைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றுகிற சிக்கனம் வேண்டாம். மில்லிவோல்ற்று வசதி கேட்டதற்குக் காரணம் இங்கேதான். மீற்றரை மில்லிவோல்ற்றுக்கு மாற்றி, 7.00இல் ஒரு எண், 4.01இல் ஒரு எண் எடுங்கள். 7.00இல் பூச்சியத்துக்கு இரு பக்கமும் 30க்குள் இருக்கவேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் புது மின்வாயில் 177ஐ அண்டி வரும். அது 160க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கொழும்புக்கு அடுத்த புரோப்புக்குச் சொல்லிவிடுங்கள். எண் நிலைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தாலும் அதே செய்திதான். மீற்றர் தானாகச் சொல்லாத இந்த உண்மையை, ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டு எழுதினால் பட்டறைப் பெடியனும் கண்டுபிடிப்பான்.

புரோப்பைக் காயவிடக்கூடாது, வடித்த தண்ணீருக்குள்ளும் ஊறவிடக்கூடாது. பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைக்கவேண்டும், 100 மில்லிலீற்றருக்கு 22.4 கிராம். "உது வெங்காயத்துக்குப் போடுற பொட்டாஷ் தானே, கடையில ஒரு கிலோ வாங்குவம்" என்று மச்சான் புறப்பட்டுவிட்டார். பேர் அதுதான். ஆனால் உரக்கடைச் சாமானில் மண்ணும் இரும்பும் கலந்திருக்கும், சந்தியை அடைத்துவிடும். ஆய்வுகூடத் தரத்தில் சின்னப் போத்தல் ஒன்று வாங்கினால் வருடக்கணக்கில் காணும்.

எங்கள் ஊருக்கென்றே உள்ள ஒரு தொல்லை, இணைப்பில் படியும் ஈரம். கண்ணாடிக் குமிழின் தடை பத்துக்கோடி ஓம் அளவில். அவ்வளவு பெரிய தடைக்குப் பின்னால் வரும் மின்னழுத்தத்தை, பி.என்.சி. இணைப்பில் படிந்த உப்புக்காற்றின் ஈரம் எளிதாகக் கசியவிட்டுவிடும். மாரி காலத்தில் மீற்றர் காரணமில்லாமல் 7ஐ நோக்கி இழுபட்டால் புரோப்பைத் திட்ட முதல் இணைப்பைத் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். மீற்றரை மூடியுள்ள ரின்னுக்குள், மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா பைக்கற்றுகளோடு வைக்கிறோம்.

விற்கிறவர் சொன்ன, தொட்டியில் நிரந்தரமாகப் பொருத்தும் புரோப்பைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய தொழிற்சாலையில், கரைசலைப் பக்கக் குழாய் வழியே ஓடவிட்டு, மின்னோட்டத்துக்கு அப்பால் ஒரு சின்ன அறைக்குள் புரோப்பை வைத்து, தானே அமிலம் சொட்டவிடும் ஏற்பாடு அருமையானது. அதைக் கவனிக்க ஒரு ஆளும், அலுமாரியில் இரண்டு உபரிப் புரோப்பும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நடப்பது என்ன? புரோப் கிழமாகி எண் மெல்ல நகரும். பெட்டி அதை நம்பி அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஆள் பார்த்து விடும் பட்டறையில் பிழை ஒரு நாளுக்கு ஒருமுறை நடக்கும், பெட்டி விடும் பட்டறையில் நிமிடத்துக்கு ஒருமுறை. நாளுக்கு ஆறு மணிநேரம் ஓடும் ஒரே ஒரு தொட்டிக்கு அது வேண்டாம்.

பொஸ்பேற் தொட்டிக்கும் அசிட் தொட்டிக்கும் வருவோம். இங்கே எனக்கு உற்சாகம் கூடும், ஏனென்றால் இது நான் படிப்பிக்கிற பாடம். அளவி (பியூரெற்று), குழாயி (பிப்பெற்று), கூம்புக் குடுவை, மூன்று காட்டி. மீற்றரைவிட மலிவு, சூட்டுக்குப் பயப்படாது, கவனமாக வைத்திருந்தால் தலைமுறைக்கும் நிற்கும்.

பொஸ்பேற் தொட்டியில் 10 மில்லிலீற்றர் எடுத்து, புரோமோபீனோல் நீலம் விட்டு, 0.1 செவ்வன் (நோமல் என்ற செறிவு அலகு) சோடியம் ஐதரொட்சைட்டால் மஞ்சள் போய் ஊதா கலந்த நீலம் வரும்வரை நியமித்தால் கிடைப்பது சுயாதீன அமிலம். இன்னொரு 10 மில்லிலீற்றரில் பினோப்தலீன் விட்டு இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை போனால் மொத்த அமிலம். இரண்டாவதில் நடுவே கலங்கலாகும், நாகப் பொஸ்பேற்று படிகிறது, பயப்பட ஒன்றுமில்லை. விட்ட ஒவ்வொரு மில்லிலீற்றரும் ஒரு "பொயின்ற்". இரண்டுக்கும் உள்ள விகிதத்தை மருந்துத் தாளில் உள்ளதோடு ஒப்பிடுவதுதான் வேலை. ஒரே ஒரு பிஎச் எண் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாது. சூட்டைக் கூட்டினால் வேலை வேகமாக நடக்கும் என்று தொட்டியை அளவுக்கு மேல் கொதிக்கவிட்டால், பொஸ்பேற்று அடியில் சேறாகப் படிந்து சுயாதீன அமிலம் ஏறும். அதையும் கொப்பி உடனே காட்டிக்கொடுக்கும்.

அசிட் தொட்டிக்கு 5 மில்லிலீற்றர் மாதிரி, 1 செவ்வன் சோடியம் ஐதரொட்சைட்டு, மெதயில் செம்மஞ்சள். சிவப்பு மஞ்சளாகும்போது நிறுத்தி, விட்ட மில்லிலீற்றரை 9.8ஆல் பெருக்கினால் லீற்றருக்கு எத்தனை கிராம் சல்பூரிக் அமிலம் என்று வரும். இங்கே பினோப்தலீன் விடவே கூடாது. தொட்டியில் கரைந்திருக்கும் இரும்பும் காரத்தைக் குடித்துப் பச்சைச் சேறாகப் படியும், அமிலம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். தொட்டி செத்துக்கிடக்கும், கணக்கு உயிரோடு இருக்கும்.

பலர் அசிட் தொட்டிக்கும் நீரடர்த்திமானியையே நம்புகிறார்கள். குரோமுக்கு நல்லது என்று சொன்ன நானே இதற்கு வேண்டாம் என்கிறேன். 98 கிராம் சல்பூரிக் அமிலம் செலவாகும்போது 56 கிராம் இரும்பு கரைசலுக்குள் வருகிறது, வெளியே போவது 2 கிராம் ஐதரசன் மட்டும். அமிலம் குறையக் குறையக் கரைசல் பாரமாகும். மிதவை மேலே எழும்பி "அசிட் நல்லா இருக்கு" என்று சொல்லும். நியமிப்பையும் மிதவையையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் பயன் உண்டு. அமிலம் குறைந்து அடர்த்தி ஏறியிருந்தால், தொட்டியில் இரும்பு நிறைந்துவிட்டது, இனி அமிலம் விட்டுப் பயனில்லை என்று அர்த்தம்.

நியமிப்பில் யாழ்ப்பாணத்துக்காரர் விழும் குழி, கிணற்றுத் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டாத வீடு இங்கே அரிது. எங்கள் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். தண்ணீரின் காரத்தன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம் என்று வையுங்கள். மாதிரியை ஐதாக்க அந்தத் தண்ணீரில் 50 மில்லிலீற்றர் விட்டாலே 0.1 செவ்வன் காரத்தின் 3 மில்லிலீற்றர் வேலையை அது செய்துவிடும். பொஸ்பேற் தொட்டியின் சுயாதீன அமிலமே இரண்டு மூன்று பொயின்ற்தான் என்றால், அளவியைத் திறக்க முன்பே விடை அழிந்துவிட்டது. வடித்த தண்ணீர் வாங்குங்கள். புரோப்பைக் கழுவவும் அதுதான். முடிந்த கரைசலைச் சமன்படுத்தாமல் நிலத்தில் ஊற்றவே வேண்டாம். அதே சுண்ணாம்புக்கல் வழியே அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும், பிறகு நீங்கள் குடிக்கும் தேத்தண்ணிக்கும் வரும்.

துருவேறா உருக்கை வெல்டிங் செய்தபின் பூசும் களிம்பிலும் அதற்கான தொட்டியிலும் ஐதரோபுளோரிக் அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே தின்னும், உங்கள் புரோப் ஒரு வாரமும் தாங்காது. அதற்கு அந்திமனி மின்வாய் என்று வேறு இனம் உண்டு. மச்சானிடம் அந்த வேலை இல்லை, வரவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கையில் பட்டால் அது உள்ளே எலும்புவரை போகும் சாமான்.

கடைசியில் வாங்கியது: பி.என்.சி. உள்ள கைமீற்றர் ஒன்று, புரோப் இரண்டு (ஒன்று என் கணக்கில்), பைக்கற் தாங்கற் கரைசல், 50 மில்லிலீற்றர் அளவி ஒன்று, இரப்பர் குமிழ் பொருத்திய குழாயி இரண்டு, குரோமுக்கு நீரடர்த்திமானி, பேப்பர் இரண்டு சுருள். எல்லாம் சேர்த்து அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் விலையில் பாதிக்கும் கீழே வந்தது. பழைய பேனாவை எறியவில்லை, அலசும் தொட்டிகளைப் பார்க்க அது காணும்.

போன கிழமை மச்சான் புதுக் கதை ஒன்றோடு வந்தார். மின்சாரமே இல்லாமல் பூசும் இரசாயன நிக்கல் போடலாமா என்று யோசிக்கிறாராம், பம்புச் சாமானுக்குக் கேள்வி இருக்கிறதாம். அது 85, 90 பாகையில், பிஎச் 4.5, 5 அளவில் ஓடும் தொட்டி. மற்ற நிக்கலுக்கு நேரெதிராக, அது ஓட ஓட அமிலத்தை உண்டாக்கும், பிஎச் இறங்கும், அதுவும் வேகமாக. காலையில் ஒருமுறை ஆறவைத்துப் பார்க்கும் எங்கள் பழக்கம் அங்கே செல்லாது; வேலை நடக்கும்போது அரைமணிக்கொருமுறை பார்க்கவேண்டிவரும். அப்படியென்றால் அந்த விற்கிறவரைத் திரும்பக் கூப்பிடவேண்டும் என்றேன், ஆனால் பெட்டியை வாங்க அல்ல, உபரிப் புரோப் எத்தனை நாளில் தருவார் என்று கேட்க.